ரெண்டு ஸ்வெட்டர் போதுமா?

மார்ச் 3, செவ்வாய்

திராட்சை லாரி மூன்று மணி நேரம் தாமதம். வந்த சரக்கிலும் மேல் அடுக்குதான் அழகு. அடியில் கை விட்டால் பிசுபிசுப்பு. "மேல மட்டும் பவுடர் பூசி அனுப்பிட்டாங்களா?" என்று ஓட்டுநரைக் கேட்டேன். "ஏன், திராட்சைக்கு ஆசை இருக்கக் கூடாதா?" என்றார். சிரித்துக்கொண்டே பாதிப் பெட்டிகளைத் திருப்பி ஏற்றச் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது.

மதியம் பதிப்பாளர் போன். பள்ளி நூலகங்களுக்கு வாங்கும் பட்டியலில் என் நாவல் கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டதாம். "இன்னும் மூணு வாரம்மா. ஏதும் வம்பு வராம இருந்தா நமக்குத்தான்." எனக்கு என்ன வம்பு வரப்போகிறது? பழம் விற்கிறேன், பூச்சியை எழுதுகிறேன்.

ஆனாலும் மூன்று வாரம் என்றதும் காலண்டரில் தேதியை எண்ணிப் பார்த்தேன். பூச்சி என் கதைகளில் வரும் பெண். முதல் புத்தகத்தில் அவளுக்கு ஏழு வயது. பதினெட்டு வருஷம், பதினொரு சின்னப் புத்தகங்கள், அவளை நான் வளரவே விடவில்லை. படித்த பிள்ளைகள்தான் வளர்ந்து வளர்ந்து கையை விட்டுப் போனார்கள். போன வருஷம் துணிந்து அவளுக்குப் பதிமூன்று வயது கொடுத்து, பெரிய பிள்ளைகளுக்கென்று முதல் முழு நாவல் எழுதினேன். 'பூச்சி காணாமல் போன நாள்'. வெளிவந்து நான்கு மாதம். இது நின்றால் நான் எழுத்தாளர். நிற்காவிட்டால் கதை சொல்லும் பழக்காரி.

மார்ச் 6, வெள்ளி

பள்ளியில் வாசிப்பு. எழுதிக்கொண்டிருக்கும் அத்தியாயத்தை ஏழாம் வகுப்பில் வாசித்துப் பார்ப்பது என் வழக்கம். எந்த வரியில் ஒரு பிள்ளை "டீச்சர், தண்ணி" என்று கை தூக்குகிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போடுவேன். கடைக்கு வந்ததும் அதற்கு முந்தைய பத்தியை அடித்துவிடுவேன். இன்று ஐந்து கோடு. வெயில் காலம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். பழம் அழுகினால் வெயிலைத் திட்டும் வியாபாரி மாதிரி.

கடைசி வரிசைப் பெண் ஒருத்தி, எப்படி எழுத்தாளர் ஆனீங்க என்று கேட்டாள். உள்ளதைச் சொன்னேன். பஸ் நிறுத்தத்தில் தள்ளுவண்டியில் வாழைப்பழம் விற்றேன். பள்ளி விட்டுப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்கும். வண்டி பக்கத்தில் நிற்க வைக்க ஒரு கதையை ஆரம்பிப்பேன். பஸ் வரும்போது கதை முக்கியமான இடத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்வேன். மறுநாள் மீதியைக் கேட்க வருகிறவர்கள் வெறுங்கையோடு நிற்கக் கூசிக்கொண்டு ஒரு பழமாவது வாங்குவார்கள். டீச்சருக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை. பிள்ளைகளுக்குப் பிடித்தது.

"கதையில வர்றதெல்லாம் நிஜமா?" என்றாள் அதே பெண்.

"ஆளுங்க பொய். சாமான் எல்லாம் நிஜம்."

அது என் பெருமை. பூட்டு, கயிறு, பெட்டி, தராசு, லாரியின் பின்கதவு என்று நான் கையால் தொடாத எதையும் எழுதியதில்லை.

மார்ச் 9, திங்கள்

விரல் இன்னும் மரத்துப்போயிருக்கிறது. எழுத்து கோணலாக விழுகிறது.

பேரிக்காய் பார்க்க எதிர்க் கடைக்காரரின் குளிரறைக்குள் போனேன். போனை அவர் மேசையில் வைத்துவிட்டுப் போனேன். நான் உள்ளே இருப்பது தெரியாமல் யாரோ வெளியே தாழைப் போட்டுவிட்டார்கள். பயப்படவில்லை. குளிரறைக் கதவுக்கு உள்பக்கம் ஒரு குமிழ் இருக்கும். தள்ளினால் வெளித் தாழ் விடுபடும். போய்த் தள்ளினேன். பொம்மை வண்டிச் சக்கரம் மாதிரி சும்மா சுற்றியது. கதவைத் தட்டினேன். சாண் தடிமன் கதவு, சத்தத்தை விழுங்கிவிட்டது. இருபது நிமிஷம். அடுத்த பெட்டி எடுக்க ஆள் வந்ததால் வெளியே வந்தேன்.

"அந்தக் குமிழா? அது செத்து ரெண்டு வருஷம் ஆச்சே" என்றார் எதிர்க் கடைக்காரர். "எங்க ஆளுங்க எல்லாருக்கும் தெரியும்."

என் தங்கை (கடையில் பாதிப் பங்கு, பேச்சில் முழுப் பங்கு) சூடாக டீ கொடுத்து, "நீயே பேரிக்காய் மாதிரிதான் இருக்க, விலை போட்டு வித்திருப்பாங்க" என்றாள். நானும் சிரித்தேன். டீ பாதி இறங்கும்போதுதான் எண்பத்து நாலாம் பக்கம் ஞாபகம் வந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்தப் பக்கத்தில் பூச்சி வீட்டில் கோபித்துக்கொண்டு குளிரறைக்குள் ஒளிகிறாள். நான் எழுதியது: 'உள்ளே பச்சையாக ஒரு குமிழ் இருக்கும். உலகத்தில் எந்தக் குளிரறையும் அதைத் தள்ளினால் திறக்கும். பெரியவர்கள் இதை மறந்துபோயிருந்தார்கள். பூச்சி மறக்கவில்லை.'

எந்தக் குளிரறையும்! யார் சொன்னது எனக்கு? என் கடையில் ரெண்டு அறை. ரெண்டிலும் மாசம் ஒரு தடவை மெக்கானிக் வந்து பார்க்கிறார், அதனால திறக்குது. அதை வெச்சு உலகத்துக்கே உத்தரவாதம் கொடுத்திருக்கேன். அதுவும் பிள்ளைகளுக்கு. அதுவும், பெரியவங்களுக்குத் தெரியாது, உனக்குத்தான் தெரியும்னு.

மார்ச் 10, செவ்வாய்

பதிப்பாளரிடம் சொன்னேன். புத்தகத்தைத் திரும்ப வாங்கி, அந்தப் பக்கத்தைத் திருத்திக் கொடுக்க வேண்டும் என்றேன்.

"அம்மா, மாடியிலேர்ந்து குடையைப் பிடிச்சுக் குதிக்கிற கதை எவ்வளவு வந்திருக்கு. யாராவது குதிச்சாங்களா?"

"குடையப் புடிச்சா பறக்கலாம்னு எந்தப் பிள்ளையும் நம்பாது. நான் எழுதினதை நம்பும். நம்புற மாதிரிதானே எழுதியிருக்கேன்?"

பிறகு மெதுவாக, "பட்டியல் வர்ற வரைக்கும் வாயத் திறக்காதீங்க. அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்" என்றார்.

நானும் சரி என்றுதான் சொன்னேன். எழுதி வைக்கிறேன், பின்னால் மறுக்க முடியாமல் இருக்க: நான் சரி என்று சொன்னேன்.

மார்ச் 11, புதன்

மனசு கேட்கவில்லை. மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு சந்தையிலுள்ள குளிரறைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவர் வெளியே நிற்பார், நான் உள்ளே போய்க் குமிழைத் தள்ளுவேன். "நான் உள்ள போறேன் முதலாளியம்மா, நீங்க வெளிய நில்லுங்க" என்றார். விடவில்லை. எழுதினது நான்.

முப்பத்தோரு அறை. பதினாலில் திறக்கவில்லை. சிலதில் துரு, சிலதில் பனி இறுகி அசையவில்லை, ரெண்டில் குமிழே இல்லை. "போன வாரம் வரைக்கும் இதெல்லாம் உங்க கண்ணுல படலையே" என்றார் மெக்கானிக். குத்தலாகச் சொல்லவில்லை. இருந்தாலும் குத்தியது.

பதினாலையும் சரி செய்யச் சொல்லிவிட்டேன். இது ஒரு சந்தை. புத்தகம் எத்தனை ஊருக்குப் போயிருக்கிறது?

மார்ச் 13, வெள்ளி

பதிப்பகத்திலிருந்து வாசகர் கடிதங்கள் ஒரு கட்டாக வந்தன. சேர்த்து வைத்து மாதக் கணக்கில் அனுப்புவது அவர்கள் வழக்கம். இருபத்தாறு கடிதம். இருபத்து மூன்றாவதை இங்கே அப்படியே எழுதுகிறேன்.

'பூச்சியை எழுதினவங்களுக்கு. இத யார்கிட்டயும் சொல்லாதீங்க. பரீட்சை முடிஞ்சதும் என்னை ஹாஸ்டல்ல சேக்கப் போறாங்க. என்னைக் கேக்கவே இல்ல. எங்க அப்பாவும் பழ வியாபாரம்தான். எங்ககிட்ட ஒம்பது குளிரறை இருக்கு. நாலாம் நம்பர்ல பழைய சரக்கு, யாரும் வர மாட்டாங்க. மார்ச் 20 கடைசிப் பரீட்சை. அன்னிக்கி சாயங்காலம் பூச்சி மாதிரி உள்ள போயி உக்காரப் போறேன். எல்லாரும் தேடி அழுததும் குமிழைத் தள்ளிட்டு வெளிய வருவேன். பூச்சி ஒரு ஸ்வெட்டர்தான் போட்டா. நான் ரெண்டு போட்டுக்கறேன். போதுமா? பதில் போடுங்க. இப்படிக்கு, இன்னொரு பூச்சி.'

முகவரி இல்லை. பதில் போடுங்க என்று எழுதியவள் எங்கே போடுவது என்று எழுதவில்லை. கடிதத்தின் தேதி பிப்ரவரி 4. ஐந்து வாரம் பதிப்பக அலமாரியில் கிடந்திருக்கிறது.

இன்னும் ஏழு நாள்.

மார்ச் 14, சனி

உறையில் தபால் முத்திரை மசி அப்பி ஒன்றும் தெரியவில்லை. பதிப்பாளரிடம் கேட்டேன், அவரிடமும் ஒன்றும் இல்லை. இந்த முறை அவர் குரலிலும் பயம். "போலீஸ்ல சொல்லலாமாம்மா?" சொல்லலாம். என்னவென்று? பேர் தெரியாத ஊரில் பேர் தெரியாத பிள்ளை, என் புத்தகத்தைப் படித்துவிட்டாள் என்றா? ஆனாலும் போனேன். அங்கிருந்த பெண் அதிகாரி கடிதத்தை ரெண்டு தடவை படித்தார், படம் எடுத்துக்கொண்டார். "பார்க்கிறோம்" என்றார். நல்ல மாதிரிதான் பேசினார். ஏழு நாள் ஆறு நாளாகிவிட்டது.

தங்கைதான் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தாள். "அக்கா, இது நோட்டுப் பேப்பர் இல்ல."

சரக்கு அனுப்பும் சீட்டின் பின்பக்கம். மேலே கடைப் பேர் இருந்த இடத்தைக் கிழித்திருக்கிறாள். கெட்டிக்காரி. ஆனால் கீழே மீதி இருக்கிறது. மஞ்சள் தாள். 'ஆப்பிள், 16 கிலோ பெட்டி' என்று அச்சு. நாங்கள் இருபது கிலோவில்தான் கட்டுவோம். பதினாறு கிலோ மலையடிவாரத்துப் பழக்கம்.

இவ்வளவு நாள் வியாபாரம் செய்ததற்கு இன்றைக்குத்தான் ஒரு அர்த்தம் மாதிரி இருந்தது.

மார்ச் 16, திங்கள்

நேற்று ஞாயிறு, யாரும் போன் எடுக்கவில்லை. இன்று லாரி புரோக்கரைப் பிடித்தேன். அடிவாரத்தில் பதினாறு கிலோ பெட்டி, மஞ்சள் சீட்டு, ஒன்பது அறை வைத்திருக்கிறவர் யார் என்றேன். "புது ஆள்கிட்ட சரக்கு எடுக்கப் போறீங்களா, என்னை விட்டுட்டு?" என்றார். "உங்களை விட்டுட்டு எங்க போவேன், சொல்லுங்க" என்றேன். விசாரித்துச் சொல்கிறாராம்.

என் குளிரறைக்கு முன்னால் போகும்போதெல்லாம் கதவைத் திறந்து பார்க்கிறேன். யார் இருப்பார்கள் என்று நினைக்கிறேன்?

மார்ச் 17, செவ்வாய்

மூன்று நம்பர் கிடைத்தது. முதலாமவருக்கு ரெண்டு மகன்கள். "ஆப்பிள் கேப்பீங்கன்னு பாத்தா பிள்ளைங்கள விசாரிக்கறீங்களே" என்றார். ரெண்டாமவருக்குப் பெண்தான், கைக்குழந்தை. மூன்றாவது நம்பர் எடுக்கவே இல்லை.

மார்ச் 18, புதன்

காலை முழுக்க ஒரு யோசனை. மூன்றாமவர் எடுத்தால் என்ன சொல்வது? யார்கிட்டயும் சொல்லாதீங்க என்று எழுதியிருக்கிறாள். அவளிடமே பேசிவிட்டால்? போகாதேம்மா என்று நான் சொன்னால் கேட்டுக்கொள்வாள், எழுதினவள் சொன்னால் கேட்காமலா? இப்படி நினைத்தேன். உடனே எனக்கே பயம் வந்தது. ஒரு தடவை என் வார்த்தையை அவள் நம்பியதுதானே இங்கே கொண்டு வந்து விட்டது.

பதினொரு மணிக்கு எடுத்தார். ஒன்பது அறைதான். ஒரே மகள், ஏழாம் வகுப்பாம்.

"உங்க பொண்ணுகிட்ட ஒரு நிமிஷம் பேசலாங்களா?"

"பரீட்சைக்குப் போயிருக்கா. யாருங்க நீங்க?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். கடிதத்தை வாசித்தேன். ஸ்வெட்டர் வரியை மட்டும் வாசிக்க முடியவில்லை. முதலில் சிரித்தார். அப்புறம் கோபம். "கதை எழுதறவங்களுக்கு வேற வேலை இல்லையா? பிள்ளைங்களுக்கு இதத்தான் சொல்லித் தர்றீங்களா?" வாங்கிக்கொண்டேன். திட்டி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

"அண்ணே, நானும் பழக்கடைக்காரிதான். இப்பவே நாலாம் நம்பர் அறைக்குப் போங்க. கதவைத் திறந்து வெச்சுட்டு, உள்பக்கக் குமிழைத் தள்ளிப் பாருங்க. அதுக்கப்புறம் என்ன வேணா சொல்லுங்க."

"எங்க அறை எல்லாம் பக்காவா இருக்கும்."

"இருக்கட்டும். பாருங்க."

போனைக் கையில் வைத்தபடியே நடந்தார். செருப்புச் சத்தம். பெட்டிகள் நகரும் சத்தம். தாழ் விடும் சத்தம். அப்புறம் ஒன்றுமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று ரெண்டு தடவை பார்த்தேன்.

திரும்ப வந்தபோது குரல் வேறாக இருந்தது.

"குமிழ் இல்லம்மா. ஓட்டையில துணி அடைச்சிருக்கு. குளிர் வெளிய போகக் கூடாதுன்னு... நான்தான் அடைக்கச் சொன்னேன், போன வருஷம்."

வைக்கும் முன்னால் கேட்டேன்: "ஹாஸ்டல் பத்தி அவளை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"அது எங்க வீட்டு விஷயம்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

மார்ச் 19, வியாழன்

அவள் போன் செய்தாள். அப்பாவின் போனிலிருந்து. என்ன பேச வேண்டும் என்று நேற்றே மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். ஒன்றும் உதவவில்லை.

"நீங்கதானா?"

"நான்தாம்மா."

"உங்களுக்குத்தானே எழுதினேன். அப்பாவுக்கா எழுதினேன்?"

"அந்தக் கதவு திறக்காதுடா கண்ணு. நான் தப்பா எழுதிட்டேன்."

"அப்பாவும் அதையேதான் சொன்னாரு. எல்லா அறைக்கும் பூட்டுப் போட்டாச்சு. நாளைக்கு ஸ்கூலுக்கு அத்தை வந்து கூட்டிட்டுப் போவாங்க." மூச்சு வாங்கினாள். அழுகிறாளா என்று கவனித்தேன். இல்லை. கணக்குப் போட்டுப் பார்ப்பவள் மாதிரி நிதானமாகக் கேட்டாள்: "கதவு மட்டும் திறக்கிறதா இருந்தா சொல்லியிருக்க மாட்டீங்கதானே?"

பதில் யோசித்தேன். உண்மையான பதில் என்னவென்று எனக்கே தெரியவில்லை. அதற்குள் வைத்துவிட்டாள்.

மார்ச் 20, வெள்ளி

கடைசிப் பரீட்சை நாள். நான்கு மணியிலிருந்து போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஒரு வாடிக்கையாளருக்கு மாதுளைக்குப் பதிலாக ஆரஞ்சு ஏற்றிவிட்டேன். ஆறு பத்துக்கு அவள் அப்பாவிடமிருந்து செய்தி: 'வீட்டில் இருக்கிறாள். சாப்பிடவில்லை. யாரிடமும் பேசவில்லை.'

வீட்டில் இருக்கிறாள்.

மார்ச் 21, சனி

இன்று நூலகப் பட்டியலின் தேர்வுக் குழுவுக்கு நானே கடிதம் எழுதினேன். எண்பத்து நாலாம் பக்கத்தில் இருப்பது பொய், பிள்ளைகள் கையில் இந்த வடிவில் கொடுக்க வேண்டாம் என்று. எழுதி முடித்த பிறகுதான் பதிப்பாளருக்குச் சொன்னேன். "அம்மா, நாமளே நம்ம கடைக்கு முன்னால நின்னு இங்க பழம் புளிக்கும்னு கூவற மாதிரி இருக்கு" என்றார். புளித்தால் கூவத்தான் வேண்டும். திட்டுவார் என்று நினைத்தேன். அச்சகத்துக்குச் சொல்லி ஒரு திருத்தச் சீட்டு அடித்து, மீதிப் பிரதிகளில் ஒட்டச் சொல்லியிருக்கிறார். விற்ற கடைகளுக்கும் அனுப்புகிறாராம்.

சீட்டுக்கு வாசகம் எழுத நாலு மணி நேரம் ஆனது. நாவலில் எந்தப் பக்கத்துக்கும் இவ்வளவு நேரம் ஆனதில்லை.

மார்ச் 27, வெள்ளி

பட்டியலில் இல்லை. தங்கை ஒன்றும் சொல்லாமல் என் பங்கு வேலையையும் சேர்த்துப் பார்த்தாள். அவள் வாயடைத்துப் போவதைப் பார்ப்பது பட்டியலை விடக் கஷ்டமாக இருந்தது.

பள்ளிக்குப் போனேன், வாசிக்கவில்லை. ஏதாவது கேளுங்கள் என்றேன். பூச்சி அடுத்து எங்க போவா என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். ஒரு பிள்ளை தண்ணீர் குடிக்கப் போனது.

ஏப்ரல் 2, வியாழன்

எழுத உட்கார்ந்தேன். 'பூச்சி கதவை' என்று ஆரம்பித்தேன். கதவை என்ன செய்தாள்? கை நகரவில்லை. இப்போது எதை எழுதினாலும் அந்தக் குரல் கேட்கிறது: உங்களுக்குத்தானே எழுதினேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்

அவள் அப்பாவுக்கு மூன்று தடவை போன் செய்யப் போய் வைத்துவிட்டேன். என்ன உரிமை?

ஏப்ரல் 19, ஞாயிறு

அவரே கூப்பிட்டார். ஒன்பது அறைக்கும் புதுக் குமிழ் போட்டுவிட்டாராம். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன் என்றார். சொல்லி முடித்த பிறகும் வைக்கவில்லை. நானாகக் கேட்டேன்.

"பொண்ணு எப்படி இருக்கா?"

"ஹாஸ்டல்ல விட்டாச்சும்மா. ரெண்டு வாரம் ஆச்சு." தொண்டையைச் செருமினார். "இன்னைக்குப் போய்ப் பாத்துட்டுதான் வர்றேன். என்கிட்ட சரியாப் பேசல. நாலு வார்த்தை. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வரேன்னு சொல்லியிருக்கேன்."

"நல்லது."

"உங்க புத்தகத்த எடுத்துட்டுப் போயிருக்காம்மா. நான் வேணாம்னுதான் எடுத்து வெச்சேன், எப்படியோ பெட்டிக்குள்ள போயிருக்கு. கட்டில்ல தலைமாட்டுல கெடக்கு. மூணாவது தடவை படிக்கிறாளாம், பக்கத்துக் கட்டில் பொண்ணு சொல்லிச்சு."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்காதீங்க. பின்னட்டையில உங்க போட்டோ இருக்குல்ல? அது மேல எங்க ஆப்பிள் ஸ்டிக்கர் ஒட்டி வெச்சிருக்கா. ஒண்ணு ரெண்டு இல்ல, அஞ்சாறு. முகம் ஒரு துளி தெரியல. ஏன்டா இப்படிப் பண்ணினன்னு கேட்டேன். கதை நல்லாருக்கு, இவங்க வேணாம்னு சொன்னா."

வைத்த பிறகு, 'பூச்சி கதவை' என்று நின்றுபோன நோட்டை எடுத்தேன். மூன்று பக்கம் எழுதினேன்.